வன்னியில் ஒரு சங்கம் கணினிக்கு மாறும்போது: பணியாளரை உடன் அழைத்துச் செல்வதற்கான முழுமையான வழிகாட்டி

ஓர் அலுவலகம் புதிய மென்பொருளுக்கு உண்மையிலேயே மாறிவிட்டதா என்று அறியக் கணினித் திரையைப் பார்க்கத் தேவையில்லை. களஞ்சியப் பொறுப்பாளரின் மேசை லாச்சியைத் திறந்தால் போதும். உள்ளே ஒரு சீஆர் கொப்பி நாள்தோறும் நிரம்பிக்கொண்டிருந்தால், சங்கத்தின் கணக்கு இன்னமும் அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. கணினியில் இருப்பது அதன் படி மட்டுமே. வன்னியின் கூட்டுறவுச் சங்கங்களிலும் அரிசி ஆலைகளிலும் உரக் களஞ்சியங்களிலும் இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். பெருந்தொகை கொடுத்து வாங்கிய மென்பொருள், மாலையில் யாரோ ஒரு இளம் பிள்ளை கொப்பியைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் மேலதிக வேலையாகச் சுருங்கிப்போகிறது.

பணியாளர்களின் பிடிவாதமே இதற்குக் காரணம் என்று நிர்வாகம் சொல்லும். அதை நான் ஏற்பதில்லை. கொப்பியை விடாதவர்தான் அந்தச் சங்கத்தின் கணக்கை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றியவர். மென்பொருள் அவருடைய கைக்கருவியாக ஆகிவிட்டால் மற்றவர்கள் தாமாகவே வந்துசேர்வார்கள். அவர் ஒதுங்கிக்கொண்டால் எத்தனை பயிற்சிப் பட்டறை நடத்தினாலும் பயனில்லை. கீழே வரும் ஒழுங்கு முழுவதும் அவரை மையமாக வைத்தது. நெல் கொள்வனவு செய்து, உரமும் விதையும் விற்று, மாங்குளத்தில் தலைமையகமும் மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் கிளைகளும் வைத்திருக்கும் ஒரு சங்கத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியார் ஆலைக்கும் கடைக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் போகத்தைப் பாருங்கள், பிறகு திகதியைக் குறியுங்கள்

மென்பொருள் விற்பவர்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதியையோ ஏப்ரல் முதலாம் திகதியையோ தொடக்க நாளாகக் கேட்பார்கள். ஆண்டுக் கணக்குக்கு அது வசதி. ஆனால் காலபோக நெல் தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி வரை வந்து குவியும். அந்த வாரங்களில் களஞ்சியத்தில் எவருக்கும் தலை நிமிர நேரமிராது. ஜனவரியில் தொடங்கினால், பழகி முடிப்பதற்குள் முதல் உழவு இயந்திரம் வாசலுக்கு வந்துவிடும். அன்றைக்கே கொப்பி லாச்சியிலிருந்து வெளியே வரும். பிறகு உள்ளே போகாது.

ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். விதைப்புக் காலம், உரத்துக்கு வரிசை நிற்கும். அதோடு மழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம்.

நான் பரிந்துரைப்பது சித்திரைப் புத்தாண்டுக்குப் பின்வரும் வாரங்கள். வைகாசி, ஆனியில் பழக்கி முடித்தால், ஆவணியை ஒட்டி வரும் சிறுபோக அறுவடையே முதல் சோதனையாக அமையும். சிறுபோகம் குளத்து நீரை நம்பியது. இரணைமடுவின் கீழும் மற்றக் குளங்களின் கீழும் நீருக்கேற்ற ஏக்கரில் மட்டுமே நடக்கும். ஆகவே நெல் வரத்து குறைவு, தவறினாலும் தாங்கலாம். அங்கே வெளிவரும் குறைகளைப் புரட்டாதியில் திருத்திவிட்டால் அடுத்த மாசிக்குச் சங்கம் ஆயத்தமாக இருக்கும். முல்லைத்தீவுப் பக்கமானால் வற்றாப்பளைப் பொங்கல் வாரத்திலும், மன்னார்ப் பக்கமானால் ஓகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழாவை ஒட்டியும் பயிற்சி வைக்காதீர்கள். ஆட்கள் வரமாட்டார்கள், வந்தாலும் மனம் அங்கே இராது.

கொப்பியோடு உட்காருங்கள்

எந்த மென்பொருள் என்று முடிவெடுப்பதற்கு முன்னரே செய்ய வேண்டியது இது. பெரும்பாலான சங்கங்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

கொள்வனவு நாளில் தராசுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் நெல் வந்து நிற்கிறது. பொறுப்பாளர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் ஈரமானி. நெல் சந்தைப்படுத்தும் சபை காய்ந்த நெல்லுக்கு ஏற்கும் உச்ச ஈரப்பதம் 14 சதவீதம். இயந்திரத்தால் வெட்டி வயலிலிருந்து நேரே வரும் பச்சை நெல் அதைவிட எவ்வளவோ கூட இருக்கும். அதற்கேற்பக் கழிவு போடுகிறார். மூடைகள் தராசில் ஏறுகின்றன. சாக்கின் நிறை கழிகிறது. கொப்பியில் விழுவது ஒரே வரி: பெயர், மூடை, மொத்த நிறை, கழிவு, ஏற்கெனவே கொடுத்த முற்பணம், மிகுதி. அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் இன்னும் சில: “காசு மகன் வந்து வாங்குவார்.” “விதைநெல் 2 மூடை கழிக்க.” “சாக்கு 14 திருப்பவில்லை.”

அந்தப் பென்சில் குறிப்புகள்தான் சங்கத்தை நடத்துகின்றன. மென்பொருளின் திரையில் கிலோவுக்கும் விலைக்கும் பெட்டி இருக்கும். “மகன் வந்து வாங்குவார்” என்பதற்கு இருக்காது. பொறுப்பாளர் அதை எங்கே எழுதுவார்? கொப்பியில். அங்கிருந்துதான் இரட்டைக் கணக்கு பிறக்கிறது.

ஆகவே சென்ற காலபோகத்தின் மிக நெருக்கடியான ஒரு நாளை எடுத்து, அந்தப் பக்கங்களைப் பொறுப்பாளரோடு சேர்ந்து வரி வரியாக வாசியுங்கள். ஓரக் குறிப்பு ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். பிறகு அதே பக்கங்களை விற்பனைக்கு வருபவரிடம் கொடுத்து, உங்கள் கண்முன்னாலேயே மென்பொருளில் பதியச் சொல்லுங்கள். இருபது வரி போதும். எந்த வரியில் அவர் தடுமாறுகிறாரோ அந்த வரிக்குரிய மாற்றத்தை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வண்ணப் படங்களோடு செய்துகாட்டும் விளக்கக் கூட்டம் எதுவும் இதற்கு ஈடாகாது. அந்த அறையில் பொறுப்பாளரும் இருக்க வேண்டும். தன் கொப்பியைப் பார்த்து நகரத்து ஆள் திணறுவதை அவர் பார்ப்பது நல்லது. தன்னுடைய வேலை எவ்வளவு நுட்பமானது என்பது சபையறிய வெளிப்படும் இடம் அது.

ஒப்பந்தத்தில் வேறு சிலவும் சேரட்டும். தமிழில் பேசும் பயிற்றுநர். மாசி மாதத்தில் களஞ்சியத்துக்கே வந்து நிற்க ஓர் ஆள். சங்கம் விலகினால் தரவு முழுவதையும் எடுத்துச்செல்லும் உரிமை. வரி வீதங்களை நாமே மாற்றக்கூடிய வசதி. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாம் திகதி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அப்படியொரு மாற்றம் வரும்போது கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை கடையைப் பூட்டி வைக்க முடியாது. திரையில் வரும் சொற்களும் உங்கள் பேரேட்டில் உள்ள சொற்களாகவே இருக்கட்டும்: களஞ்சியம், பற்றுச்சீட்டு, கையிருப்பு, முற்பணம்.

ஆரம்ப இருப்பு: எவரும் வாய்விட்டுச் சொல்லாத பயம்

இருப்புக் குறைந்தால் பொறுப்பாளரிடமிருந்து அறவிடும் வழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. மென்பொருள் வருகிறது என்றதும் களஞ்சியத்தில் இருப்பவருக்கு முதலில் தோன்றும் கேள்வி, “எந்தப் பொத்தானை அழுத்துவது?” அல்ல. “எண்ணிப் பார்த்து ஐந்து அந்தர் யூரியா குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்களா?” என்பதே. எலி தின்றது, சாக்குக் கிழிந்து சிந்தியது, ஈரம் காய்ந்து நிறை குறைந்தது, முன்னைய பொறுப்பாளர் கையளிக்கும்போதே இருந்த குறை எல்லாம் சேர்ந்து பல ஆண்டுகளாகப் புத்தகத்துக்கும் களஞ்சியத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். அது இல்லாத களஞ்சியத்தை நான் பார்த்ததில்லை. மென்பொருளை எதிர்ப்பதாக நாம் நினைப்பது பல வேளைகளில் இந்த எண்ணிக்கையைத் தள்ளிப்போடும் முயற்சியே.

இந்தப் பயத்தைப் போக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வழி நேரானது. பணிப்பாளர் சபை எழுத்தில் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும்: மாற்ற நாளில் நடக்கும் இருப்பெடுப்பில் காணப்படும் வித்தியாசம் தனிக் கணக்கில் வைக்கப்படும், அதைப் பற்றி விசாரித்து முடிவெடுக்கும்வரை எவரிடமும் அறவிடப்படமாட்டாது. பொறுப்பாளரும் கணக்காளரும் சபை உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து எண்ணி, மூவரும் கையெழுத்திட வேண்டும். கண்டுபிடித்த இருப்புதான் கணினிக்குள் போக வேண்டும், புத்தகத்தில் இருக்கும் இருப்பு அல்ல. கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் கணக்காய்வுக்கு வருபவர்களிடமும் முன்கூட்டியே பேசி, எந்தக் கடதாசிகளை ஏற்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீர்மானம் வாசிக்கப்பட்ட கூட்டத்துக்குப் பிறகு பொறுப்பாளரின் முகத்தைப் பாருங்கள். பயிற்சிக்கு அவர் தாமாகவே நேரம் கேட்பார்.

பெயர்கள், அடையாள அட்டை, பாமினி

அங்கத்தவர் பட்டியலை ஏற்றுவது சலிப்பான வேலை. ஆனால் முதல் வாரத்தில் விவசாயியின் பெயர் பிழையாக வந்தால் பணியாளரின் நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடும். “கணினி சொல்வது பிழை” என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடக்குவது கடினம்.

பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே யுனிகோட் மென்பொருளுக்குள் ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் ஊரறிந்த ஒருவர் கண்ணால் வாசிக்க வேண்டும். அதற்குக் களஞ்சியப் பொறுப்பாளரையோ கிளையின் மூத்த அக்காவையோ அழையுங்கள். முதலெழுத்தும் பெயரும் ஒன்றான மூன்று பேரில் யார் முள்ளியவளை, யார் நெடுங்கேணி என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பெயரை நம்பாமல் அடையாள அட்டை இலக்கத்தை அடிப்படையாக வையுங்கள். இங்கும் ஒரு பொறி உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கம். பழைய இலக்கத்தின் முன் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாம் இடத்துக்குப் பின் ஒரு 0 இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் வந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் ஒரே விவசாயி இரண்டு ஆட்களாகப் பதிவாவார். கடன் ஒரு பெயரிலும் நெல் இன்னொரு பெயரிலும் நிற்கும். எல்லாவற்றையும் 12 இலக்கமாக மாற்றிய பின்பே ஏற்றுங்கள். இந்த இலக்கங்கள் தனிநபர் தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கச் சொல்கிறது. பட்டியலை எல்லாருடைய கைப்பேசிக்கும் அனுப்பிவைக்காதீர்கள்.

தட்டச்சு விடயத்தில் ஒரே முறையைத் திணிக்க வேண்டாம். பாமினியில் பழகிய விரல்களுக்குப் பழைய தட்டச்சுப்பொறி ஒழுங்கிலேயே யுனிகோட் எழுதும் விசைப்பலகை உண்டு. இளையவர்கள் கைப்பேசியில் எழுதுவதுபோல் ஒலிப்பு முறையில் எழுதட்டும்.

மின்சாரம், சிக்னல், தூசு

இணையம் இருந்தால்தான் இயங்கும் மென்பொருள் வன்னியின் உட்கிளைகளுக்கு உதவாது. தொடர்பு அற்றுப்போனாலும் பதிவை ஏற்று, தொடர்பு வந்ததும் தலைமையகத்தோடு சேர்த்துக்கொள்வதாக இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் ரவுட்டரின் வயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள். மேசைக் கணினியைவிட மடிக்கணினி நல்லது. மின்சாரம் போனதும் பாதிப் பற்றுச்சீட்டில் அணைந்துவிடாது. உமித்தூசுக்கு விசைப்பலகை தாங்காது என்பதால் உறை போடுங்கள்.

பற்றுச்சீட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கடைகளில் பயன்படும் வெப்ப அச்சுத் தாள் வெயிலிலும் வியர்வையிலும் மங்கிப்போகும். விவசாயி அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வயலுக்குப் போவார். மாதம் கழித்து மிகுதிக் காசுக்கு வரும்போது தாள் வெறுமையாக இருந்தால் சண்டை பொறுப்பாளரோடுதான். நெல் கொள்வனவுக்குப் புள்ளி அச்சுப்பொறியும் காபன் படியும் வையுங்கள். சத்தம் போடும், மெதுவாக அடிக்கும், ஆனால் எழுத்து நிற்கும்.

யார் யாருக்குக் கற்பிப்பது

மண்டபத்தில் முப்பது பேரை உட்காரவைத்து ஒரு நாள் முழுக்கத் திரையில் காட்டுவது பயிற்சி அல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். இரண்டு மூன்று பேராக, அவரவர் மேசையில், அவரவர் வேலையைக் கொண்டே பழக்குங்கள். காசாளருக்கு நெல் பதிவு தேவையில்லை. களஞ்சியத்தில் இருப்பவருக்குச் சம்பளப் பட்டியல் தேவையில்லை. ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு வேலையைக் கற்றால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

இளையவர்களை உதவிக்கு வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் மரியாதை குலையாமல் செய்ய வேண்டும். ஐம்பது கடந்த பொறுப்பாளருக்கு, மகன் வயதுத் தம்பி விவசாயிகளின் முன்னால் நின்று “ஐயா, அதை அழுத்தாதீர்கள்” என்று சொன்னால், அவர் அதற்குப் பிறகு அந்தக் கணினியைத் தொடமாட்டார். பழக்குவது கதவு திறப்பதற்கு முன்பு, அல்லது அடைத்த பிறகு. யாரிடம் கற்பது என்பதை மூத்தவரே தெரிவு செய்யட்டும். சுட்டியும் விசைப்பலகையும் கற்பவரின் கையில்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் தம்பி தன் கையை நீட்டி முடித்துக்கொடுத்தால் கற்றது தம்பியே.

“நீங்களே போட்டுவிடுங்கள் தம்பி, நான் தொட்டால் பிழைத்துவிடும்” என்று சொல்பவருக்குத் தேவை இன்னொரு விளக்கம் அல்ல. பிழைத்தால் என்ன ஆகும் என்று அவர் நேரில் பார்க்க வேண்டும். பயிற்சிக்கென்று தனிப் பிரதி ஒன்றைக் கணினியில் வைத்து, வேண்டுமென்றே பிழையாக ஒரு பற்றுச்சீட்டுப் போடச் சொல்லுங்கள். பிறகு அதை ரத்துச் செய்யச் சொல்லுங்கள். ரத்தானது பதிவில் கோடிட்டு நிற்பதையும் புதியது கீழே வருவதையும் காட்டுங்கள். கொப்பியில் சிவப்பு மையால் வெட்டி எழுதிக் கையொப்பமிடும் அதே முறைதான் இது. இரண்டு தடவை தன் கையால் செய்தவருக்கு நடுக்கம் போய்விடும்.

கடவுச்சொல் ஆளுக்கொன்று. பல அலுவலகங்களில் முகாமையாளரின் கடவுச்சொல் மேசையில் ஒட்டப்பட்டிருக்கும். எல்லாரும் அதிலேயே பதிவார்கள். நாளை ஒரு பிழை வந்தால் எவர் செய்தது என்று தெரியாமல் எல்லார்மீதும் சந்தேகம் விழும். தன் பெயரில் பதிவது தன்னைக் காக்கும் என்பதைப் பணியாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு கணக்கும் ஓடும் நாட்கள்

கொப்பியும் கணினியும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓட வேண்டும். நான்கு வாரம் போதும். ஒவ்வொரு மாலையும் இரண்டு கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் அன்றே காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் சாக்கு நிறை, முற்பணக் கழிவு, அல்லது மறுநாள் திகதியில் விழுந்த பதிவாக இருக்கும்.

நான்கு வாரம் முடிந்ததும் கொப்பியை மூட வேண்டும். எல்லை இல்லாமல் இரண்டையும் எழுதச் சொல்வது பணியாளருக்குச் செய்யும் அநியாயம். வேலை இரட்டிப்பாகும், சம்பளம் அப்படியே இருக்கும். குறித்த நாளில் கடைசி வரியின் கீழ் கோடிட்டு, பொறுப்பாளரும் முகாமையாளரும் கையெழுத்திட்டு, கொப்பியைப் பெட்டகத்தில் வையுங்கள்.

ஆனால் கடதாசியை முற்றாக ஒழிக்கச் சொல்லவில்லை. இந்த மண்ணில் கடதாசிக்கு ஒரு வரலாறு உண்டு. 2004 கடற்கோளிலும் 2009 வரையான இடப்பெயர்வுகளிலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்துவிட்டு, பின்னர் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியவர்கள் நம் பணியாளர்களுக்குள் இருக்கிறார்கள். பொலித்தீன் பையில் சுற்றிய ஆவணங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தவர்களிடம் “எல்லாம் கணினியில் இருக்கிறது, பயப்படாதீர்கள்” என்று சொல்வது போதாது. அவர்களுடைய அச்சம் அனுபவத்தின் அறிவு. அதை மதித்து, நாளின் முடிவில் அன்றைய பதிவுகளை அச்சிட்டு, பொறுப்பாளர் கையெழுத்திட்டு, கோப்பில் சேர்க்கட்டும். தரவின் பிரதியை வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் எடுத்து, வேறொரு ஊரில் உயரமான இடத்தில் வையுங்கள். அதிலிருந்து தரவை மீட்டெடுத்துப் பொறுப்பாளருக்கு ஒருமுறை நேரில் காட்டுங்கள்.

மேலே இருப்பவர்கள்

பொதுமுகாமையாளர் தொலைபேசியில் அழைத்து, “சம்பா எத்தனை மூடை கிடக்கிறது? ஒரு துண்டில் எழுதி அனுப்பு” என்று கேட்டால், அன்றே மென்பொருள் மதிப்பிழந்துவிடும். கேட்பவர் தானே திரையில் பார்க்க வேண்டும். சபைக் கூட்டத்துக்கு மென்பொருளிலிருந்து எடுத்த அறிக்கை தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது. கூட்டத்துக்கு முதல்நாள் கையால் தயாரித்த அட்டவணை வரும் சங்கத்தில் கீழே இருப்பவர்கள் எதற்காகக் கணினியில் பதிய வேண்டும்?

எதைப் பார்த்து அறிவது

எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்ற கணக்கு எதையும் சொல்லாது. பிந்திய பதிவுகளைப் பாருங்கள். காலை பத்து மணிக்குத் தராசில் நிறுத்த நெல் மாலை ஐந்துக்குப் பதிவானால் இடையில் எங்கோ ஒரு கொப்பி இருக்கிறது. அதைப் பறிக்காதீர்கள், ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். தராசுக்கும் கணினிக்கும் தூரம் அதிகமாக இருக்கலாம், திரை மெதுவாகத் திறக்கலாம், ஓரக் குறிப்புக்கு இன்னமும் இடமில்லாமல் இருக்கலாம். மேசையைத் தராசுக்குப் பக்கத்தில் நகர்த்தியதால் மட்டும் பதிவு நேரத்துக்கு வந்த களஞ்சியங்கள் உண்டு. முதல் மாதங்களில் ரத்துகள் கூடுதலாக இருப்பது நல்ல அறிகுறி. பிழையை மறைக்காமல் திருத்துகிறார்கள்.

காலபோகம் கழிந்த பின்

பங்குனியில் நெருக்கடி ஓய்ந்ததும் ஒரு அரை நாள் எல்லாரையும் கூட்டி, எது கைகொடுத்தது, எது கழுத்தை அறுத்தது என்று பேசவிடுங்கள். அவர்கள் கேட்கும் மாற்றங்களில் செய்யக்கூடியதைச் சிறுபோகத்துக்கு முன் செய்துகொடுங்கள். முடியாததற்குக் காரணத்தைச் சொல்லுங்கள். இடமாற்றத்தில் போனவர்களின் கணக்குகளை அன்றே நிறுத்துங்கள். புதிதாக வருபவருக்குப் பழக்கும் பொறுப்பை, முதலில் கொப்பியை விட மறுத்த அதே களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேட்டுப்பாருங்கள். அவர் சம்மதித்தால், மற்றக் கிளைகளுக்குப் போய்ப் பழக்கும் நாட்களுக்குரிய கொடுப்பனவையும் பயணச் செலவையும் அந்த ஆண்டுப் பாதீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.